கடல் ஏறும் நாள்



“பெரிய ஏற்றம் வரும், ஜாக்கிரதை என்று போன தடவையும் சொன்னார்கள், ஒன்றும் வரவில்லையே!” ஹுத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. அப்படியானால், முன்கூட்டிச் சொன்னவர்கள் பொய் சொன்னார்களா? இம்முறை அதைப் பற்றிப் பேசுவோம்.

பேராவையும் சிலாங்கூரையும் பிரித்து ஓடும் பெர்னாம் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கடல் ஏறினால் ஆறும் ஏறும். நம் கரையோரத் தோட்டங்கள் தாழ்ந்த நிலத்தில் இருப்பவை. மண் கரையும் தண்ணீர்க் கதவும்தாம் அவற்றுக்குக் காவல். கடல் ஏறும்போது கதவு மூடும். வற்றும்போது திறந்து, கான்களில் நிற்கும் நீரை வெளியே விடும். கதவு மூடியிருக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால், அந்த நீர் எங்கே போகும்? லயத்து வாசலுக்குத்தான் வரும்.

ஆகவே, வெள்ளத்தைக் கணிக்கிறவர்கள் மூன்றைப் பார்க்கிறார்கள்: கடல் ஏற்றம், காற்று, மழை.

இவற்றுள் கடல் ஏற்றத்தை ஓராண்டுக்கு முன்பே கணித்துவிடலாம். சந்திரனும் சூரியனும் கடலை இழுப்பதால் வருவது அது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இழுப்பதால், அந்நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்றம் பெரிதாக இருக்கும். அரச மலேசியக் கடற்படை ஆண்டுதோறும் இதற்கென அட்டவணை வெளியிடுகிறது.

காற்றின் கணக்கு அவ்வளவு சுலபமன்று. புயல்காற்று கடல்நீரைக் கரைக்குத் தள்ளுகிறது. ஆழ்கடலில் தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பிப் போய்விடும். ஆழம் குறைந்த இடத்தில் அப்படித் திரும்ப முடியாமல் கரையில் குவிந்து நிற்கும். இதைப் புயல் அலை என்பார்கள். கணினியில் கடலைக் கணக்கு நோட்டுப் போலக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழம், காற்றின் வேகம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொடுத்து, நீர் எவ்வளவு உயரும் என்று நிமிடக் கணக்கில் கணிக்கிறார்கள். அதோடு அந்நேரத்துக் கடல் ஏற்றத்தையும் கூட்டிப் பார்க்கிறார்கள்.

புயல் சில மைல் விலகினால் ஓர் ஊருக்குச் சொன்ன வெள்ளம் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆகையால், வரக்கூடிய எல்லா இடங்களுக்கும் எச்சரிக்கை கொடுக்கிறார்கள். நம் வீடு நனையாமல் போனால் அது நம் நல்ல காலமே தவிர, சொன்னவர் குற்றமன்று.

பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் நம் நாட்டுக்குப் புயல் வருவது அரிது. ஆனால் வராது என்பதில்லை. 2001 டிசம்பரில் ‘வாமே’ என்ற புயல் ஜொகூரில் கரை ஏறியது.

புயல் அலை என்ன செய்யும் என்பதைத் தமிழகத்துத் தனுஷ்கோடி காட்டியது. 1964 டிசம்பர் 22 இரவு அவ்வூரையே கடல் விழுங்கியது. பயணிகளோடு வந்த ரயிலும் அதில் அடித்துச் செல்லப்பட்டது. முன்னறிவிப்பைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசா சாட்சி. 1999 அக்டோபரில் அங்கே வீசிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் ‘பைலின்’ புயல் அதே மாநிலத்தைத் தாக்கியது. அதற்குள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். இறந்தவர் தொகை ஐம்பதை எட்டவில்லை. புயலைத் தடுக்க எவராலும் முடியவில்லை. கணிப்பு முன்னேறியிருந்தது, தங்கும் கட்டடங்கள் இருந்தன, சொன்னவுடன் மக்கள் எழுந்து நடந்தார்கள். அவ்வளவுதான்.

தாய்மார்களே, வீட்டில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள். காலண்டரில் அமாவாசை, பௌர்ணமிக்கும் அடுத்த இரண்டு நாட்களுக்கும் வட்டம் போடச் சொல்லுங்கள். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும். அந்த நேரம் மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். வட்டமிட்ட நாளில் பெருமழையும் பலத்த காற்றும் வரும் என்று வானிலை ஆய்வுத் துறை சொன்னால், அன்று கவனம் வேண்டும்.

அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காகிதங்கள், நகை, மருந்து இவற்றை ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி உயரமான இடத்தில் வையுங்கள். வயதான பாட்டி, தாத்தாவை யார் அழைத்துப் போவது என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். துயர் துடைப்பு மையத்துக்குப் போகச் சொன்னால் பகல் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். கோழிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் காவல் இருக்கிறேன் என்று அப்பா மட்டும் பின்தங்க வேண்டாம்.

பத்து முறை வீணாகப் போய் வந்தால் நஷ்டம் பத்து நாள் அலைச்சல்தான். ஒரே ஒரு முறை போகாமல் இருந்துவிட்டால் அந்த நஷ்டத்தை எந்தச் சம்பளத்தாலும் ஈடு செய்ய முடியாது.