விழா நேரலைக்கு முதலில் வாங்கத்தக்கது யாது?

நம் கல்லூரியின் யூபிலி விழாவை இணையவழி நேரலையாகக் காட்டல் வேண்டுமென்பது பழைய மாணவர் பலரின் விருப்பம். அது போற்றத்தக்கதே. ஒரு நாட் சம்பளத்தை இழந்து மண்டபத்துக்கு வரவியலாத தோட்டத்துத் தாய்மாரும், கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் தொழில் புரியும் நம்மவரும் அதனாற் பயன்பெறுவர். ஆயின், இதற்கெனச் சேரும் நிதியில் விலையுயர்ந்த வீடியோக் கமெரா ஒன்றையே முதலில் வாங்கல் வேண்டுமென்னும் கருத்து எனக்கு உடன்பாடன்று.

அண்மையில் ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவைத் தோட்டத்து வீடொன்றிலிருந்து கைபேசியிற் கண்டேன். படம் மிகத் தெளிவாயிருந்தது. பேச்சோ மின்விசிறியின் இரைச்சலில் மூழ்கிற்று. அருகிலிருந்த மூதாட்டி தம் பேரனின் பெயரை அழைத்துவிட்டார்களா என மும்முறை வினவினார். எனக்கு விடை கூற இயலவில்லை. மேடையிலிருந்து வெகுதொலைவில் நின்ற கமெராவின் உள்ளிருந்த ஒலிவாங்கியையே நம்பியிருந்தமை அக்குறைக்குக் காரணம்.

இலங்கையில் 1925இல் வானொலி தொடங்கிற்று; 1979இலேயே தொலைக்காட்சி வந்தது. இடையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் முன்னோர் செவியாலேயே உலகைக் கண்டனர். படம் மங்கினும் நிகழ்ச்சி விளங்கும்; ஒலி கெடின் யாவும் கெடும். கேள்விக்கெனத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவரைக் கற்பிக்கும் நாம் இதனை மறத்தலாகாது.

ஆதலின் முதலில் வாங்கத்தக்கது ஒலிவாங்கியே. சட்டையிற் செருகும் கம்பியில்லா ஒலிவாங்கி ஒன்றும், மண்டபத்து ஒலிபெருக்கிச் சாதனத்திலிருந்து ஒலியை நேரே பெறும் கம்பியொன்றும் வேண்டும்.

அடுத்தது இணைய இணைப்பு. 720 வரிப் படத்தை அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 4 மெகாபிட் வேகம் வேண்டும். அவ்வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1.8 கிகாபைட் டேட்டா செலவாகும். ஊவா மலைகளின் மறைவில் ஓரிடத்துக் கிடைக்கும் அலை சில அடி தள்ளிக் கிடைப்பதில்லை. ஆகவே, இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை வைத்துக்கொண்டு, அதே மண்டபத்தில், அதே வேளையில், முன்னரே சோதித்தல் வேண்டும். யூடியூபில் முதன்முறை நேரலைக்கு அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதும் நினைவிலிருத்தற்பாலது.

மூன்றாவது மின்சாரம். 2022ஆம் ஆண்டின் நெடிய மின்வெட்டை எவரும் மறந்திலர். 20,000 மில்லியம்பியர் மணிக் கொள்ளளவுள்ள பவர் பேங்க் ஒன்று துணைநிற்கும். மொனராகலை வெயிலிற் கைபேசி சூடேறித் தானே நின்றுவிடுதலும் உண்டு; ஆதலின் அதனை நிழலில் நிறுத்த ஒரு முக்காலியும் வேண்டும்.

மேடை தொலைவாயின் கைபேசியில் முகம் தெரியாதென்பர் சிலர். உண்மையே. அதற்கு முக்காலியை முன்வரிசைக்கு நகர்த்துதல் போதும். நல்ல கைபேசி நம்மவர் பலரிடம் ஏலவே உண்டு. எஞ்சிய நிதியிருப்பின் கமெராவைப் பின்னர் வாங்கலாம்.

இவை யாவும் ஒரு தோட்பையில் அடங்குவன. அப்பையை அலமாரியிற் பூட்டிவையாது, மேல்வகுப்பு மாணவர் இருவரைப் பழக்கி அவர் கையில் ஒப்புவித்தல் வேண்டும். நம் விழா முடிந்தபின் அயலிலுள்ள தோட்டப் பாடசாலைகளின் விழாக்களுக்கும் அவர்கள் அதனைச் சுமந்து செல்லட்டும். பேரனின் பெயர் அழைக்கப்படுவதை அம்மூதாட்டி அடுத்த முறையேனும் தம் காதாற் கேட்டல் வேண்டும்.