"சார்" கொடுப்பவரும் வாங்குபவரும்

விம்கோ நகர் ரயிலடியில் காலை வேளையில் கால் மணி நேரம் நின்று காது கொடுத்துக் கேட்டால், ஒரு இங்கிலீஷ் வார்த்தை மாத்திரம் ஓயாமல் காதில் விழும். அதுதான் "சார்" என்பது. "கொஞ்சம் வழிவிடு சார்", "டீ போடட்டுமா சார்", "தெரியாமல் நடந்துவிட்டது சார்", "இன்னா சார், பெரிய ஆளோ?" என்பதாக, கெஞ்சுவதற்கும் கூப்பிடுவதற்கும் கேலி செய்வதற்கும் அந்த ஒரே வார்த்தைதான் உதவுகிறது. ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் இங்கிலீஷ்ப் பெயர்ச் சுருக்கமே ஊர்ப் பெயராகி நிலைத்துவிட்ட இடத்தில், இங்கிலீஷ் வார்த்தை ஒன்று தெருவெல்லாம் திரிவதில் ஆச்சரியமில்லை. ஆகவே அந்நிய வார்த்தை என்பதற்காக அதன்மீது நமக்குச் சண்டையில்லை. அதை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள், யார் திருப்பிக் கொடுப்பதில்லை என்பதே நமது கேள்வி.

முதலில் அவ்வார்த்தையின் பூர்வோத்திரத்தைப் பார்ப்போம். லத்தீன் பாஷையில் "மூத்தவர்" என்று பொருள்படும் ஒரு சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து "சர்" ஆயிற்று. அரசன் கொடுத்த பட்டத்திற்கும் அதுவே பெயர். பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயர் பெயரால் உள்ள கல்லூரியின் பெயர்ப்பலகையில் இருக்கும் "சர்"ரும், வாசலில் பிள்ளைகள் வாத்தியாரைக் கூப்பிடும் "சார்"ரும் ஒரே வார்த்தைதான். 1919-ல் ஜாலியன் வாலாபாக் படுகொலையைக் கண்டித்து ரவீந்திரநாத் தாகூர் உதறித் தள்ளியதும் இந்த "சர்" பட்டத்தைத்தான். 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு, ராணுவம், கல்வி சம்பந்தமானவை தவிர வேறு பட்டங்களைச் சர்க்கார் கொடுக்கக்கூடாதென்று தடுத்துவிட்டது. பட்டம் ஒழிந்தது. ஆனால் ஆபீஸ் நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களெல்லாம் சட்டம் ஒழித்ததை வாய்வழியாக வசூலித்துக் கொண்டிருக்கிறார்கள்.

நியாயமாகப் பேசினால், இவ்வார்த்தை நமக்குச் செய்த நன்மையையும் மறைக்கக்கூடாது. முன்பு வேலை செய்கிறவன் மேலே இருப்பவனை "சாமி" என்றும், "ஆண்டே" என்றும், "எஜமான்" என்றும் கூப்பிட்டாக வேண்டியிருந்தது. அவ்வார்த்தைகளில் ஜாதியும் அடிமைத்தனமும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. "சார்" என்பதில் ஜாதி இல்லை. யாரும் யாரையும் அப்படி அழைக்கலாம். "சாமி"யிலிருந்து "சாரு"க்கு வந்தது ஒரு படி ஏறினதேயாகும். ஆனால் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று கேட்கின்றோம்.

ஒரு ஆலை வாயிலை நினைத்துப் பாருங்கள். ஐம்பத்தைந்து வயதுள்ள காண்டிராக்ட் தொழிலாளி, தன் மகன் வயதுள்ள மேற்பார்வையாளரை வாய்க்கு வாய் "சார்" என்கிறார். அவருக்குக் கிடைக்கும் பதில் "யோவ், இங்கே வா" என்பதுதான். ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிற அம்மையார் எல்லோரையும் "சார்", "மேடம்" என்கிறார். அவரோ எல்லோருக்கும் "ஏம்மா". மூத்தவர் என்று பொருள்படும் வார்த்தையை மூத்தவர் சொல்ல, இளையவர் வாங்கி ஜேபியில் போட்டுக்கொள்வது என்றால் இதில் மரியாதை எங்கே இருக்கிறது? அமெரிக்காவில் வழியில் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் வண்டிக்காரரையும் "சார்" என்று அழைப்பது சாதாரண வழக்கம். அங்கே அது மனிதனுக்கு மனிதன் கொடுக்கும் கடன். இங்கே கீழிருந்து மேலே மாத்திரம் போகும் கப்பமாக இருக்கிறது.

"சாரை விட்டுவிட்டு 'ஐயா' என்று தமிழில் சொன்னால் சரியாகிவிடாதா?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். ஆகாது என்போம். ஒரு வழிப்பாதைக்குத் தமிழில் பெயர்ப்பலகை வைத்தாலும் அது ஒரு வழிப்பாதையே. 1929-ல் செங்கல்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்ததும், 1932-ல் ஐரோப்பா, ரஷ்யா சுற்றி வந்த பெரியார், "ஸ்ரீமான்" முதலிய அடைமொழிகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒன்றுபோல் "தோழர்" என்று போடச் சொன்னதும் வார்த்தை ஆசையினால் அல்ல. "தோழர்" என்றால் அழைப்பவரும் தோழர், அழைக்கப்படுபவரும் தோழர். அதுதான் அதன் பெருமை.

இது நடக்கிற காரியமா என்பவர்களுக்குச் சொல்லுகிறோம். 2021-ல் பாலக்காட்டு ஜில்லா மாத்தூர் பஞ்சாயத்தார், தங்கள் ஆபீசில் "சார்", "மேடம்" வேண்டாம், பெயரையோ உத்தியோகத்தையோ சொல்லி அழைத்தால் போதும் என்று தீர்மானம் செய்தார்கள். விண்ணப்பத்தில் கெஞ்சிக் கேட்கும் வார்த்தைகளும் வேண்டாம், உரிமையாகக் கேட்கலாம் என்றார்கள். 2009-ல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த கே. சந்துரு தம்மை "மை லார்டு" என்று அழைக்க வேண்டாமென்று தாமே வக்கீல்களிடம் சொன்னார். வாங்குகிறவர் வேண்டாமென்று சொல்வதற்குச் சட்டமோ செலவோ தேவையில்லை, மனம் ஒன்றே போதும்.

ஆதலால் "சாரை" இன்றே நாடு கடத்தும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. உங்களை ஒருவர் "சார்" என்றால் நீங்களும் அவரைச் "சார்" என்னுங்கள். முடியாவிட்டால் இருவரும் பெயர் சொல்லி "வாங்க, போங்க" என்று பேசிக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் இதுவே முறை. மனுவில் "தங்கள் பாதம் பணிந்து" என்று எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் வீட்டுக் குப்பையை எடுக்க வருகிறவரின் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால் நாளைக் காலையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரை மரியாதையாக அழைக்க வாய் கூசுமானால், அந்தக் கூச்சம் எந்தப் பாஷையிலிருந்து வந்தது என்று தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். அது இங்கிலீஷிலிருந்து வந்ததல்ல.