வீடும் நாமும்: தலைக்கு மேல் ஒரு விதானம்

சித்தூரில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இத்திங்கள் நம்மைச் சிந்திக்க வைத்தது. அலுவலின் பொருட்டு வேலூரை விட்டுச் சென்ற குடும்பம். இருப்பதோ வாடகை வீடு. இடுப்பெலும்பு முறிந்த மாமியார் நான்கு திங்களாகக் கட்டிலை விட்டு எழவில்லை. கண் விழித்தால் அவருக்குத் தெரிவன மேற்கூரையின் வெடிப்பும் மழைக்கறையுமே. பூவேலை செய்த வால்பேப்பர் வாங்கி மேற்கூரையில் தாங்களே ஒட்டிவிடலாமா என்று சகோதரி வினவுகிறார்.

மருமகளின் அக்கறையை முதலில் பாராட்டுகிறோம். நடமாடுகின்ற நாம் தலைக்கு மேலே பார்ப்பது அரிது. படுத்திருப்பவருக்கோ நாள் முழுதும் கண்முன் நிற்பது மேற்கூரைதான். எனினும், அந்தக் கட்டிலுக்கு மேலே தாள் ஒட்ட வேண்டா என்பதே நம் விடை. காரணத்தை நம் அனுபவத்திலிருந்தே கூறுவோம்.

திருப்பதியில் நாம் குடியிருந்தபோது, புரட்டாசியில் ஆசையோடு தாள் வாங்கி மேற்கூரையில் ஒட்டினோம். பல ஆண்டுகள் வெள்ளையடித்த சுண்ணாம்பைச் சுரண்டவில்லை. மொட்டைமாடியில் நீர் தேங்குகிறதா என்றும் பார்க்கவில்லை. கார்த்திகையில் ஒரு நள்ளிரவு, நனைந்து கனத்த இரண்டு தாள்கள் பிரிந்து, உறங்கிக்கொண்டிருந்த குழந்தையின்மேல் விழுந்தன. அச்சத்தோடு போயிற்று, காயம் இல்லை. பசை தாளைப் பிடித்ததே தவிர, சுவரைப் பிடிக்கவில்லை. அது பிடித்தது உதிரும் சுண்ணாம்புப் பொடியைத்தான்! பிழை நம்முடையதே.

அப்பகுதிக்கு ஐப்பசி முதல் வடகிழக்குப் பருவமழை உண்டு. 2021 நவம்பரில் திருப்பதி நகரமே வெள்ளத்தில் தத்தளித்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மழைக்கறை என்பது மேலிருந்து நீர் இறங்குகிறது என்பதற்கு அடையாளம். அதன்மேல் தாள் ஒட்டினால் நோயை மூடி மறைத்ததாகுமே அன்றித் தீர்த்ததாகாது. ஆகவே வீட்டுக்காரரிடம் சொல்லி, முதலில் கொத்தனாரைக் கொண்டு மாடியின் வெடிப்புகளை அடையுங்கள். பிறகு ஒரு கோலால் மேற்கூரையை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓட்டையொலி கேட்கும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது என்று பொருள். அதைக் கொத்திப் பூசும்வரை கட்டில் அங்கே இருத்தல் ஆகாது.

மேல்மாடி உள்ள வீட்டில், ஈரம் இறங்காத அறையில் ஒட்ட விரும்புவோர் ஒட்டலாம். சுண்ணாம்பை முழுதும் சுரண்டிக் கழுவி, உலர்ந்தபின் பிரைமர் பூச வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு விசிறியைக் கழற்ற வேண்டும். பசை தடவிய தாளைப் பசைப்பக்கம் உள்ளே இருக்குமாறு மடிப்பு மடிப்பாக அடுக்கிச் சில நிமிடம் ஊறவிடுங்கள். சன்னலோரத்தில் தொடங்கி, வெளிச்சம் பாயும் திசையிலேயே தாள்கள் செல்ல வேண்டும். அப்போது இணைப்புகளின் நிழல் தெரியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பத்தடி நீளத் தாள்கள் 7 தேவை. 53 சென்டிமீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள சுருள்கள் 3 போதும். ஒருவர் ஒட்ட, மற்றொருவர் மடிப்பைத் தாங்க வேண்டும். தனியாள் செய்யும் வேலையன்று.

சகோதரியின் மாமியாருக்கு நாம் கூறும் வழி வேறு. நம் முன்னோர் மேற்கூரையை அழகு செய்ய, துணியைத் தொங்கவிட்டார்கள். விதானம், மேற்கட்டி என்னும் சொற்கள் அதனைக் குறிப்பனவே. கோயிலில் இறைவன் திருமேனிக்கு மேல் கட்டிய அத்துணிகள் தஞ்சை மாவட்டத்துச் சிக்கநாயக்கன்பேட்டையில் கையால் எழுதப்படுகின்றன. அக்கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சகோதரி இருக்கும் சீமையிலோ, கலம்காரிக்கே பேர்போன காளத்தி இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022 ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அங்கே பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள். பாலின் கொழுப்பால் மை பரவுவதில்லை. இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் புளிக்கவைத்துக் கறுப்பு மை எடுக்கிறார்கள். மூங்கில் எழுதுகோலால் இராமாயணக் காட்சிகளையும் மரம், மயில், கொடிகளையும் தீட்டுகிறார்கள். நலிந்திருந்த இக்கலைக்குக் கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால் 1957இல் அங்கே பயிற்சி நிலையம் ஏற்பட்டது.

கையால் எழுதிய துணிக்கு விலை மிகுதிதான். அச்சிட்ட பருத்தித் துணியும் போதும். பெட்டியில் உறங்கும் பழைய சேலையும் போதும். நான்கு ஓரங்களையும் மடித்துத் தைத்து வளையங்கள் கோத்து, சுவரில் உறுதியாக அறைந்த கொக்கிகளில் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். விசிறியின் இறக்கைக்கு எட்டாமலும் விளக்கின் சூடு படாமலும் இருக்கட்டும். பூச்சு உதிரும் கூரைக்குத் துணி காவலாகாது என்பதை மறவாதீர்கள். திங்களுக்கு ஒருமுறை அவிழ்த்து உதறினால், மேலே புதுக்கறை தோன்றியிருப்பதும் உடனே தெரியவரும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள். ஒட்டிய தாளை வீட்டுக்காரருக்கு விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கட்டிய துணியை மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம்.

துணி வாங்கக் கடைக்குப் புறப்படுமுன், மாமியாரின் கட்டிலருகே அமர்ந்து, தலைக்கு மேலே எதைப் பார்க்க விரும்புகிறார் என்று கேளுங்கள். மயிலா, மரமா, இராமர் பட்டாபிஷேகமா என்று அவர் சொல்லட்டும். நான்கு திங்களாக அவரிடம் மருந்து வேளையைப் பற்றியே பேசியிருப்பீர்கள். இதைப் பற்றியும் பேசுங்கள். அவர் தேர்ந்தது எதுவென்று நமக்கும் எழுதுங்கள்.