எந்த மட்டம் தளர்ந்தது?

வத்தலக்குண்டு வட்டாரத்தில் பூப்பறிக்கவும் களையெடுக்கவும் போகும் பெண்கள், "அடி இறங்குது டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்வதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அவ்வளவு தாமதித்து வந்தவரிடம் நாம் அவசரப்படுகிறோம். இறங்கி நிற்கும் கர்ப்பப்பையைப் பார்த்ததும் 'எடுத்துவிடலாம்' என்று சீட்டில் எழுதிவிடுகிறோம். அதைத் தாங்கியிருந்த திசு எங்கே விட்டுப்போனது என்று தேடுவது அபூர்வம்.

1992-இல் டிலான்சி என்ற மருத்துவர் வகுத்த, இந்தத் தாங்குதலின் மூன்று மட்டங்கள் பரிசோதனை மேசைக்கு உரியவை. முதல் மட்டத்தில் யூட்ரோசேக்ரல், கார்டினல் லிகமென்டுகள் கர்ப்பப்பை வாயையும் யோனியின் மேல்முனையையும் பின்னோக்கி மேலே பிடித்திருக்கின்றன. இரண்டாவதில், யோனியின் நடுப்பகுதி இருபுறமும் இடுப்புச் சுவரின் ஆர்க்கஸ் டென்டினியஸில் பற்றியிருக்கிறது. அது விட்டால் மூத்திரப்பை முன்சுவரோடு இறங்கும். மூன்றாவதில் பெரினியல் பாடியும் பெரினியல் சவ்வும்.

இவற்றின் பாரத்தைக் கீழிருந்து ஏந்துவது லெவேட்டர் ஏனை தசை. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக்கம்பும் கொடுத்துக் கயிறும் கட்டுவார்கள். கம்பு உறுதியாக நிற்கும்வரை கயிறு சிரமப்படுவதில்லை. பிரசவத்தில் அந்தத் தசை பியூபிஸ் எலும்பிலிருந்து பிய்ந்தால், இருமல், முக்கல், தலைச்சுமை எல்லாம் இணைப்புத் திசுவின்மேல் இறங்கும். அது மெல்ல நீண்டுவிடும். இடுப்புத்தளப் பயிற்சி தசைக்கு வலுவூட்டும், தொல்லையைக் குறைக்கும். பிய்ந்த பிடிப்பை ஒட்டவைக்காது.

திசுவின் தரமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. உறுதி தரும் முதல் வகைக் கொலாஜனும், நெகிழ்வு தரும் மூன்றாம் வகையும், எலாஸ்டினும் ஓயாமல் சிதைந்து புதிதாகின்றன. எலாஸ்டினைப் பின்னும் எல்ஓஎக்ஸ்எல்1 புரதம் இல்லாத சுண்டெலிகளுக்கு ஈன்றபின் உறுப்பு இறங்கியதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. திசுவின் தரம் இப்படி வேறுபடுவதால், பிள்ளை பெறாதவருக்கும் இறக்கம் வருவதில் வியப்பில்லை. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்ததா, மூட்டுகள் அளவுக்குமீறி வளைகின்றனவா என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

கர்ப்பப்பை இறக்கத்துக்குக் காரணமல்ல, இறங்கிய உறுப்பு. அதை எடுத்துவிட்டு மேல்முனையை எதிலும் பிணைக்காமல் விட்டால், பின்னாளில் யோனியே வெளியே வரக்கூடும். இளம்பெண்களுக்காகக் கர்ப்பப்பையைக் காத்து, தாங்குதலை மட்டும் சீராக்கும் முறைகளைப் பம்பாயில் ஷிரோத்கரும் புரந்தரேயும் வகுத்துத் தந்திருக்கிறார்கள். செயற்கை வலை குறுக்குவழி ஆகவில்லை: இறக்கத்துக்காக யோனிவழி பொருத்தும் வலைகளின் விற்பனையை அமெரிக்க எஃப்டிஏ 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொன்னது.

நாம் செய்யக்கூடியவை எளியவை. நோயாளியை முக்கச் சொல்லி, 1996 முதல் வழக்கிலுள்ள பிஓபி-க்யூ முறையில் அளக்க வேண்டும். ரிங் பெஸ்ஸரி பொருந்துமா என்று முதலில் பார்க்க வேண்டும். நாள்பட்ட இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து தர வேண்டும். பிரசவத்துக்குப் பின் வீடு தேடிப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர், குழந்தையின் எடையோடு தாயிடம் அடி இறங்குகிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும். திண்டுக்கல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் சீட்டில் 'கர்ப்பப்பை இறக்கம்' என்பதோடு எந்த மட்டம், எத்தனை சென்டிமீட்டர் என்றும் எழுதுவோம். அறுவை செய்பவர், மேல்முனையை எதில் பிணைத்தார் என்று பதில் எழுதட்டும்.