சாத்தூரில் தவறியவர்கள் தன்னார்வலர்கள் அல்ல

"பத்தாம் வகுப்போடு நின்றவர் கையில் எச்.ஐ.வி. பரிசோதனையா?" என்று ஒரு கட்டுரையில் கொதிக்கிறார் அடையாறு மருத்துவர் ஒருவர். ஆள் பற்றாக்குறையைச் சாக்காக வைத்துத் தன்னார்வலர்களை இறக்கிவிட்டால் முடிவுகள் தப்பும், ரகசியம் தெருவுக்கு வரும், உயிர் போகும் என்பது அவர் வாதம்.

உயிர் போன ஒரு சம்பவத்தை அவருக்கு நினைவுபடுத்துகிறேன். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதைக் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016இலேயே தெரிந்திருந்தது. அவருக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காகத் தனியார் ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் அறிந்துகொண்டார். பதறிப்போய் மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. பின்னர் அந்த இளைஞர் நஞ்சு குடித்து இறந்தார்.

இதில் எந்த இடத்தில் தன்னார்வலர் இருந்தார்? ரத்தத்தைச் சோதித்தவர்கள் படித்தவர்கள், அந்த வேலைக்கென்றே நியமிக்கப்பட்டவர்கள். 2016இல் அந்த இளைஞரைத் தேடிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லி, சிகிச்சைக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் இல்லை. அந்த ஓர் ஆளைத்தான் தன்னார்வலர்களை ஆதரிக்கும் நாங்கள் கேட்கிறோம்.

தன்னார்வலர் அப்படி என்னதான் செய்கிறார்? விரல் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, லான்செட்டால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கிட்டில் விடுகிறார். மேலே பஃபர் விட்டு, கிட்டில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருக்கிறார். 'சி' கோடு விழாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது, வேறு கிட் எடுக்க வேண்டும். இரண்டு கோடு விழுந்தாலும் "உனக்கு எச்.ஐ.வி." என்று அவர் சொல்லக் கூடாது, அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வெவ்வேறு கிட்டுகளில் மூன்று சோதனைகள் பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள். மருத்துவருக்கு இது தெரியாதிருக்க வழியில்லை. தெரிந்தும் மறைத்து மக்களைப் பயமுறுத்துவது அவர் படிப்புக்கு இழுக்கு.

பயிற்சி பெற்ற சாமானியர்கள் இந்தத் துரிதச் சோதனையைச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே பரிந்துரைத்துவிட்டது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுயஉதவிக் குழுப் பெண்கள் வீட்டுக்கே போய் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். அப்போது இவர் ஏன் வாய் திறக்கவில்லை? சர்க்கரைக்குச் சரியாக இருக்கும் கை எச்.ஐ.வி.க்கு மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?

தன்னார்வலர் ஏன் தேவை? சென்னை ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் நிற்கும் பையன் ஷட்டர் இறங்கிய பிறகுதான் தெருவுக்கு வருகிறான். நம்பிக்கை மையம் அப்போது பூட்டிக் கிடக்கும். பகலில் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் காரணம் சொல்ல வேண்டும். எந்தக் காரணத்தைச் சொல்வான்? இரவில் அவனுக்காகக் காத்திருக்க அவனைப் போன்ற இன்னொருவனால்தான் முடியும்.

அடுத்து ரகசியம். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் இதே சென்னையில் கண்டறியப்பட்டபோது, எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்பது பரிசோதிக்கப்பட்ட பெண்களிடம் சொல்லப்படவில்லை. எடுத்தவர்கள் மருத்துவக் கல்லூரிக்காரர்கள். நான் மதிக்கும் பணி அது. ஆனாலும் நடந்தது அதுதான். சம்மதம் கேட்க வேண்டும், பெயரை வெளியிடக் கூடாது என்று பிறகு விடாமல் போராடியவர்களில் தொற்றோடு வாழ்பவர்களே முன்னால் நின்றார்கள். 1998இல் தொற்றோடு வாழும் கௌசல்யாவும் தோழிகளும் சென்னையில் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அப்படிப் பிறந்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று எல்லோரையும்தான் கட்டுப்படுத்துகிறது. தன்னார்வலரும் அதற்கு உட்பட்டவர், மருத்துவரும் உட்பட்டவர்.

தன்னார்வலர்களைக் காட்டி அரசு காலியிடங்களை நிரப்பாமல் விட்டுவிடும் என்றும் சொல்கிறார். இந்தப் பயம் எனக்கும் உண்டு. அதற்காகக் கடைப் பையனின் சோதனையை நிறுத்தச் சொல்வது என்ன நியாயம்? ஆய்வக நுட்பனர்களையும் ஆலோசகர்களையும் ஒப்பந்தத்திலேயே வைத்திருப்பதை எதிர்த்து அவர் எழுதட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். தன்னார்வலருக்கு மாதம் தவறாத ஊதியம், இரவுப் பயணப்படி, தேவையான கையுறை, ஊசி தவறிக் குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து வேண்டும் என்று கேட்கட்டும். அவர் கட்டுரையில் இதில் ஒன்றுகூட இல்லை.