கம்பைலரே தவறினால் என்ன செய்வது?

மாணவர்களே! நீங்கள் எழுதிய நிரல் தவறான விடை தருகிறது. யாரைக் குறை சொல்வீர்கள்? "பிழை உன் நிரலில்தான், கம்பைலர் தவறாது" என்பார் ஆசிரியர். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் கம்பைலரும் மனிதர் எழுதிய நிரல்தானே! அதுவும் சில நேரங்களில் தவறுகிறது. அப்போது பிழையைச் சுற்றிக்கொண்டு மாற்றுவழியில் போகலாம்; அதில் வெட்கமில்லை. ஏன் சுற்றினோம் என்று எழுதி வைக்காமல் போவதுதான் குற்றம் என்பது என் கருத்து.

சி போன்ற மொழிகளில் நாம் எழுதுவதைக் கணிப்பொறியின் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதில்லை. வேகம் கூடுமென்றால் கட்டளைகளின் வரிசையை மாற்றும், தேவையில்லாதவற்றை நீக்கும். விடை மட்டும் மாறக்கூடாது என்பது நிபந்தனை.

இயக்க அமைப்பின் உட்கருவுக்குக் கெர்னல் என்று பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் இருப்பது லினக்ஸ் கெர்னலே. 2014 ஜூலையில், ஜி.சி.சி. என்னும் கம்பைலரின் 4.9.0 பதிப்பைக் கொண்டு உருவாக்கிய லினக்ஸ் கெர்னல் சிலருடைய கணிப்பொறிகளில் காரணம் தெரியாமல் தடுமாறியது. செயலிகளுக்கு வேலையைப் பங்கிட்டுத் தரும் பகுதியில் கோளாறு. 1991-இல் லினக்ஸைத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ், கம்பைலர் தந்த கட்டளைகளையே எடுத்துப் படித்தார். தவறு அங்கே இருந்தது!

அது என்ன தவறு? உங்கள் வகுப்புக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒரு கட்டம் வரைந்து, "அழிக்க வேண்டாம்" என்று குறித்து, அதற்குள் கணக்கை எழுதுகிறார். அடுத்து வரும் ஆசிரியர் கட்டத்துக்கு வெளியே உள்ளதை மட்டுமே அழிப்பார். நிரலின் ஒவ்வொரு செயற்கூறும் நினைவகத்தில் 'அடுக்கு' என்னும் பகுதியில் இப்படித்தான் முதலில் இடம் ஒதுக்கிக்கொண்டு, பிறகு மதிப்புகளை எழுத வேண்டும். கம்பைலரோ வரிசையை மாற்றியதில், கட்டம் வரையுமுன்பே கணக்கை எழுதிவிட்டது! அந்தச் சிறு இடைவெளியில் வேறொரு சாதனத்திலிருந்து 'குறுக்கீடு' என்னும் அவசர அழைப்பு வந்தால், எழுதியது அழிந்துபோகும். வராவிட்டால் ஒன்றும் ஆகாது. எனவேதான் கோளாறு எப்போதாவது மட்டும் தலைகாட்டியது.

இதை எப்படிச் சமாளித்தார்கள்? பிழை தேடுவோருக்கு உதவியாக, மாறிகளின் மதிப்பு எங்கெங்கே இருக்கிறது என்று தடம் பற்றித் தரும் வசதி ஒன்று கம்பைலரில் உண்டு. அது இயங்கும்போதுதான் இந்தத் தவறு நேர்ந்தது. அந்த ஒரு வசதியை மட்டும் நிறுத்தினார்கள். வேகப்படுத்தும் வேலை முழுவதையும் நிறுத்தவில்லை. மாற்றத்தோடு அதன் காரணத்தையும் எழுதி வைத்தார்கள். ஜி.சி.சி. குழுவின் பிழைப் பட்டியலிலும் 61904 என்ற எண்ணில் இது பதிவாயிற்று. கம்பைலரும் திருத்தப்பட்டது.

அப்படியானால் எல்லாப் பழியையும் கம்பைலர் மேல் போடலாமா? கூடாது. 2009-இல் லினக்ஸ் கெர்னலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. நிரலில் ஒரு முகவரியை முதலில் பயன்படுத்திவிட்டு, பிறகு அது வெற்று முகவரியா என்று சோதித்திருந்தார்கள். "பயன்படுத்திய பிறகு சோதனை எதற்கு?" என்று கம்பைலர் அச்சோதனையை நீக்கிவிட்டது. சி மொழி விதிப்படி அது செய்தது சரியே! நிரலைத் திருத்தியதோடு, இத்தகைய சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்கும் கட்டளையிட்டார்கள். ஆகவே சான்று கிடைக்கும்வரை சந்தேகம் நம் நிரல் மேலேயே இருக்கட்டும்.

காரணத்தை ஏன் எழுத வேண்டும்? ராஜபாளையத்தில் உங்களில் பலருடைய பெற்றோர் நூற்பாலையில் வேலை பார்ப்பவர்கள். அவர்களைக் கேளுங்கள். இரவு ஷிப்டில் ஓர் இயந்திரத்துக்குத் தற்காலிக ஏற்பாடு செய்துவிட்டு, காலை ஷிப்டுக்கு வருபவரிடம் சொல்லாமல் போகலாமா?

இன்னொன்று, மாற்றுவழிக்கு ஒரு முடிவும் வேண்டும். இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியின் சுழிப்பிழையைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு அளவிலும் திருத்தம் செய்கிறோம். கருவியைப் பழுது பார்த்து சுழிப்பிழையை நீக்கிய பிறகும் பழைய திருத்தத்தையே செய்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? திருத்தமே பிழையாகிவிடும்! கெர்னலிலும் 2014-இல் நிறுத்திய வசதி, திருந்திய கம்பைலர்களுக்கும் சேர்த்தே நிறுத்தப்பட்டுக் கிடந்தது. பிழை தேடுவோர் அதுவரை அதன் உதவியை இழந்திருந்தார்கள். 2020-இல்தான் அந்தத் தடையைப் பழைய பதிப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். காரணம் எழுதியிருந்ததால்தான் துணிந்து சுருக்க முடிந்தது. எழுதாமல் விட்டிருந்தால், "யாரோ எதற்கோ வைத்தார்கள், தொடாதே" என்ற பயம்தான் மிஞ்சியிருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இன்று நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் பலர். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். "இந்த வரியை எடுத்தால் ஓடவில்லை, ஏனென்று தெரியாது" என்று நிறுத்திவிடாதீர்கள். நிரலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பிழை தோன்றும் மிகச் சிறிய வடிவத்தைக் கண்டுபிடியுங்கள். கம்பைலரின் பதிப்பு எண்ணைக் குறியுங்கள். பிழை அதனுடையதுதான் என்று உறுதியானால், அதை உருவாக்கியவர்களுக்குத் தெரிவியுங்கள். மாற்றுவழி வைத்தால் அதன் அருகிலேயே காரணத்தையும், அதை எப்போது நீக்கலாம் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் அந்த நிரலைத் திறப்பவருக்கு அந்த இரண்டு வரிதான் வழிகாட்டி.