முதியோர் நடை தளராதிருக்க

இரண்டிரவுப் பயணத்திற்குப் பின் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து புதுடில்லியில் இறங்கும் பெற்றோரைப் பிள்ளைகள் கைத்தாங்கலாக அழைத்துச் செல்வதை, ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். அவ்வாறு வந்த நம் அன்னையார் சென்ற மார்கழியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, அச்சம் மட்டும் பற்றிக்கொண்டது. "அம்மா, எழுந்திருக்க வேண்டாம்" என்று நாமும் அன்பினால் தடுத்தோம். அத்தடையே தீங்காயிற்று. நடவாத கால்கள் மேலும் தளர்ந்தன.

அதிர்வு இயந்திரம் ஒன்று வாங்கலாமே என்றனர் நண்பர்கள். இவ்வெண்ணம் புதிதன்று. நடுக்குவாத நோயாளர் நெடிய ரயில் பயணத்தால் தமக்குச் சுகம் உண்டானதாகக் கூறக் கேட்ட பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ, அதிரும் நாற்காலியைப் பயன்படுத்திய செய்தியை 1892இல் எடுத்துரைத்தார். 2012இல் அமெரிக்க மருத்துவர்கள் இதனை மீண்டும் சோதித்தபொழுது, அதிர்வு பெற்றோரும் பெறாதோரும் ஏறக்குறைய ஒரே அளவு நலமடைந்தனர்!

எனினும் இதில் உண்மையே இல்லை என்பதற்கில்லை. தசையின் நீட்சியை மூளைக்கு அறிவிக்கும் நுண்ணுறுப்புகள் தசைக்குள் உள்ளன. தசைநாணில் அதிர்வூட்டின் அவை தூண்டப்பெறும். அசையாத கையும் அசைவதாகத் தோன்றும். இதனை 1972இல் ஆய்வாளர் மூவர் விளக்கினர். ஆயினும் அதிர்வு முதியோரை விழாமல் காக்குமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒருமுகமாக இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தோரும், அண்மையில் எலும்பு முறிந்தோரும், இரத்தக்கட்டு உடையோரும் மருத்துவரைக் கேளாமல் அதனை அணுகலாகாது.

உறுதியாய்ப் பயன் தருவது உடற்பயிற்சியே. 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான அறிக்கை, அதனால் முதியோர் விழுதல் சுமார் 23 சதவீதம் குறைவதாகக் கூறுகிறது. கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துதல், ஓரடிக்குமுன் ஓரடி வைத்து நிற்றல் ஆகியவற்றை மருத்துவரின் ஆலோசனையோடு நாள்தோறும் செய்விக்கலாம். அருகில் ஒருவர் இருத்தல் அவசியம். குளியலறையில் கைப்பிடியும், இரவில் சிறு விளக்கும் வேண்டும்.

நாம் இயந்திரம் வாங்கவில்லை. அலுவலகம் புறப்படுமுன் அன்னையாருடன் கால்மணி நேரம் செலவிடுகிறோம். இப்பொழுது அவர் மாடிப்படியில் கம்பியைப் பற்றியவாறு தாமே இறங்கிக் காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசுகிறார். அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பெரியோரையும் எழுந்து நடக்க விடுங்கள், உடன் நில்லுங்கள்.